மட்டக்களப்பில் கட்டுவதற்கு நான்கு மணிக்கூடுகள்

கனவுதானே, எத்தனை வேண்டுமானாலும் ஆசைப்படலாம் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை. எல்லையில்லாத பட்டியலில் தெரிவு என்ற ஒன்றே நடப்பதில்லை. ஒன்றை வைத்துக்கொள்வதற்காக இன்னொன்றை விட வேண்டி வரும்போதுதான், மணிக்கூட்டில் நாம் உண்மையாக எதை விரும்புகிறோம் என்பது நமக்கே தெளிவாகிறது. ஆகையால் சொகுசு மணிக்கூடுகளைப் பற்றிய என் நெடுநாள் ஆசைக்கு நான்கு என்று ஓர் எல்லை போட்டிருக்கிறேன். அதற்கு மேற்பட்டால் ஏதோவொன்று அலுமாரியிலேயே கிடக்கும். இயந்திர மணிக்கூட்டைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதற்குள் இருக்கும் எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுதாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை முழுதாகக் கழற்றித் துப்புரவு செய்து எண்ணெய் இட்டே தீர வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கனவு காண வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது நிபந்தனை ஒன்று உண்டு; எனக்கு அதுவே முதன்மையானது. நான்கும் மட்டக்களப்பில் கட்டக்கூடியவையாக இருக்க வேண்டும். உலகில் எழுதப்படும் மணிக்கூட்டுப் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்ந்த, உலர்ந்த நகரங்களில் கோட்டுக் கைக்குள் மறைத்துக் கட்டுபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வெயில் காலத்தில் பாடசாலைக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் மணிக்கட்டு நனைந்துவிடும். மாரி காலத்தில் அலுமாரிக்குள் வைத்த தோல் வாரில் பூஞ்சணம் பிடித்துவிடும். இந்தக் காற்றையும் வியர்வையையும் தாங்க முடியாத மணிக்கூடு எவ்வளவு அழகானதாக இருந்தாலும் அது எனக்கானதல்ல.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் இப்போது கட்டுவது, மாமா கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கிவந்து தந்த சீக்கோ 5. வளைகுடாவிலிருந்து வந்த மணிக்கூடு என்பதால் அதன் கிழமைச் சாளரம் ஆங்கிலத்திலும் அரபியிலும் காட்டும். ஒருமுறை அதைத் துப்புரவு செய்யக் கொடுத்தபோது, நகரத்தில் நான் வழக்கமாகப் போகும் மணிக்கூடு திருத்தும் ஐயா, பின்மூடியைக் கழற்றி என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். மூடியின் புரிகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஏதோ களிபோல இறுகிக் கிடந்தது. நான் அழுக்கு என்று நினைத்தேன். "இது ஊத்தை மட்டும் இல்ல மனே, உப்பு. மறுகா உள்ள போச்செண்டா டயல் கறுத்திரும்" என்றார். பிறகு மூடிக்குள் இருந்த றப்பர் வளையத்தை ஊசிமுனையால் தூக்கி என் நகத்தின் மேல் வைத்தார். உருண்டையாக இருக்க வேண்டிய வளையம் தட்டையாகி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. உப்புக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நின்றது அந்த மெல்லிய வளையம் மட்டுமே. எந்த மணிக்கூட்டைப் பார்த்தாலும், அதன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, பக்கவாட்டில் சாவி கொடுக்கும் குமிழும் பின்மூடியும் எப்படி அடைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது.

இந்த அடைப்பைப் பற்றிப் பேசும்போது ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் என்ற மனிதரை நினைக்காமல் இருக்க முடியாது. 1905இல் லண்டனில் தொழிலைத் தொடங்கி, பின்னர் ஜெனீவாவுக்குப் போய் ரோலெக்ஸை வளர்த்தவர் அவர். 1926இல் வெளிவந்த ஒய்ஸ்டர் என்ற மணிக்கூட்டில், இயந்திரத்தை மூடும் பெட்டியின் முன்வளையம், பின்மூடி, குமிழ் மூன்றும் திருகி இறுக்கப்பட்டன. மறு ஆண்டு மெர்சிடிஸ் கிளைட்சே என்ற பிரித்தானிய நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயின் கடுங்குளிர் நீரில் அதைக் கழுத்தில் அணிந்தபடி பத்து மணித்தியாலத்துக்கு மேல் நீந்தினார். அன்றைய முயற்சியில் அவரால் கரை சேர முடியவில்லை. மணிக்கூடு மட்டும் பிழையின்றி ஓடிக்கொண்டிருந்தது. கரையோர ஊர்களில் இன்று நாம் துணிந்து இயந்திர மணிக்கூடு கட்டுகிறோம் என்றால் அந்தத் திருகுக் குமிழுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனாலும் என் நால்வரில் ரோலெக்ஸ் இல்லை. இருக்கப்போவது, அதே வில்ஸ்டோர்ஃப் உருவாக்கிய மற்றொரு பெயரான டியூடர். குறிப்பாக, 2018இல் வந்த பிளாக் பே ஜி.எம்.டி. அதற்குக் காரணம் விலையோ தோற்றமோ அல்ல. நமது அரை மணித்தியாலம்.

என் அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார், தம்பி டோஹாவில், சித்தி லண்டனில். இந்த ஊரில் இப்படிச் சிதறாத குடும்பம் குறைவு. யாரோடு பேசுவதென்றாலும் அங்கே இப்போது எத்தனை மணி என்ற கணக்கு மனதுக்குள் ஓடியே தீரும். ஜி.எம்.டி எனப்படும், இரண்டு நேரம் காட்டும் மணிக்கூடுகள் விமானிகளுக்காகப் பிறந்தவை. வழமையான முட்களோடு, நாளுக்கு ஒரு சுற்று மட்டும் சுற்றும் நான்காவது முள் ஒன்று அவற்றில் இருக்கும். மணி முள்ளை ஒவ்வொரு மணித்தியாலமாக முன்னும் பின்னும் தாவ வைக்கலாம். உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு அது போதும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் போதாது. கிரீன்விச் நேரத்திலிருந்து நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறோம்; முழு மணித்தியாலங்களாகத் தாவும் முள் எங்கே நின்றாலும் நமக்கு அரை மணித்தியாலம் பிசகும். ரோலெக்ஸின் ஜி.எம்.டி மாஸ்டர் 2 என்ற புகழ்பெற்ற மணிக்கூட்டில், கண்ணாடியைச் சுற்றித் திரும்பும், 24 மணி எழுதிய வெளிவளையம் ஒரு சுற்றுக்கு 24 முறை சொடுக்கும், அதாவது ஒரு சொடுக்கு ஒரு மணித்தியாலம். டியூடரில் அதே வளையம் 48 முறை சொடுக்கும். ஒரு சொடுக்கு அரை மணித்தியாலம்.

இதை நான் கணித ஆசிரியனுக்குரிய மகிழ்ச்சியோடு தாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மணி முள்ளையும் 24 மணித்தியால முள்ளையும் நமது நேரத்துக்கே வைத்துவிட வேண்டும். பிறகு வளையத்தை வலமாகத் திருப்பினால், அந்த நான்காவது முள் வளையத்தில் தொடும் எண் தூரத்து ஊரின் நேரத்தைச் சொல்லும். லண்டனின் குளிர்கால நேரத்துக்குப் பதினொரு சொடுக்கு, கோடைகாலத்தில் ஒன்பது. ரொறன்ரோவுக்குக் குளிர்காலத்தில் இருபத்தொன்று, கோடையில் பத்தொன்பது. டோஹாவுக்கு ஆண்டு முழுவதும் ஐந்து. எல்லாம் ஒற்றை எண்கள். முழு மணித்தியாலங்களில் மட்டும் சொடுக்கும் வளையம் இவற்றில் ஒன்றிலும் வந்து நிற்க முடியாது. இரவு ஏழரைக்கு நான் மணிக்கட்டைப் பார்க்கும்போது லண்டனில் குளிர்காலமென்றால் பகல் இரண்டு மணி என்பது, மனக்கணக்கு ஏதும் இல்லாமல், முள்ளின் நுனியில் தெரியும். இருநூறு மீற்றர் ஆழத்துக்கான நீர்த்தாங்கலும் திருகுக் குமிழும் இருப்பதால் பாசிக்குடாவில் குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

அரை மணித்தியாலம் என்பது மட்டக்களப்பாருக்கு வெறும் கணக்கு விடயமும் அல்ல. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காக 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்து, கிரீன்விச்சிலிருந்து ஆறு மணித்தியாலம் என்று வைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. கடற்பக்கமான எழுவான்கரையில் புதிய நேரம், வாவிக்கு அப்பால் மேற்கே படுவான்கரையில் பழைய நேரம். வாவியைக் கடந்தவர்கள் மணிக்கூட்டையும் அரை மணித்தியாலம் திருப்ப வேண்டியிருந்தது, அல்லது இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திருமணத்துக்கு நாள் வைத்தாலும் கூட்டத்துக்கு அழைத்தாலும் "பழைய நேரமா, புதிய நேரமா" என்ற கேள்வி பின்னாலேயே வரும். 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டையொட்டி நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பியது.

திரும்பிய நேரம் நம் ஊருக்கு மிகவும் பொருத்தமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தரை மணித்தியால நேரம் கிழக்கு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 81.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கொண்டால், நம் ஊரின் சராசரிச் சூரிய நேரத்துக்கும் மணிக்கூடு காட்டும் நேரத்துக்கும் இடையே மூன்று நிமிட வேறுபாடுதான். நாட்டின் மேற்குக் கரையைவிட நாமே இந்த நேரத்துக்கு நெருக்கமானவர்கள். அந்த அரை மணித்தியாலத்தை மதிக்கும் மணிக்கூடு ஒன்று என் தொகுப்பில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

அடுத்தது கிராண்ட் சீக்கோவின் ஸ்னோஃபிளேக். சுவிஸ் பெயர்கள் மட்டுமே சொகுசு என்று எண்ணுபவர்கள் சீக்கோ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். 1960இல் முதல் கிராண்ட் சீக்கோ வந்த நாளிலிருந்து அவர்கள் செய்துவரும் வேலையைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தானின் கையில் அதைக் கண்டேன். நான் கண்ணை எடுக்காமல் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இந்தா மச்சான், கட்டிப் பார்" என்று கழற்றித் தந்தார். முதலில் உணர்ந்தது அதன் பாரமின்மை. பெட்டியும் செயினும் டைட்டேனியம். துருப்பிடிக்காது, வியர்வையில் தோலை உறுத்தாது. முகம் வெள்ளை, ஆனால் தீந்தை பூசிய வெள்ளை அல்ல. சாய்த்துப் பிடித்தால் மேடும் பள்ளமுமாக நுண்ணிய அலைகள் ஒளியில் எழுந்து அடங்கின. நாகனோ மாகாணத்தில் அவர்களுடைய பட்டறையிலிருந்து தெரியும் மலைகளின் பனியை நினைத்துச் செய்த முகம் அது. அந்த வெள்ளைக்கு மேல் நீல நிறச் செக்கன் முள் ஒன்று, துடிக்காமல், நிற்காமல் வழுக்கிச் சென்றுகொண்டிருந்தது.

அந்த வழுக்கலுக்குக் காரணமான ஸ்பிரிங் டிரைவ் என்ற இயந்திரத்தைத்தான் நான் நால்வரிலும் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். சாதாரண இயந்திர மணிக்கூட்டில் சுருள்வில்லின் விசை பற்சக்கரங்கள் வழியே வந்து, ஒரு தடுப்பில் முட்டி முட்டி விடுபடும். செக்கனுக்கு ஆறு அல்லது எட்டு முறை நடக்கும் அந்த முட்டலே நாம் கேட்கும் டிக் டிக் ஓசை. ஸ்பிரிங் டிரைவில் அதே சுருள்வில், அதே பற்சக்கரங்கள், தடுப்பு மட்டும் இல்லை. கடைசிச் சக்கரம் செக்கனுக்கு எட்டுச் சுற்று வீதம் சுற்றி, மிக நுண்ணிய அளவு மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு குவாட்ஸ் பளிங்கு செக்கனுக்கு 32,768 முறை அதிர்கிறது. சக்கரம் அந்த அதிர்வுக் கணக்கை மீறி ஓடப் பார்த்தால் காந்த விசை அதைத் தொடாமலே மெல்லப் பிடித்து வேகத்தைச் சீராக்குகிறது. பாலத்து இறக்கத்தில் சைக்கிள் விடுபவன் பிறேக்கை முழுதாகப் பிடிக்காமலும் முழுதாக விடாமலும் விரலால் தொட்டுக்கொண்டே ஒரே வேகத்தில் இறங்குவது போன்றது அது. பற்றரி இல்லை, எல்லாம் சுருள்வில்லின் விசையே. மாதத்துக்குப் பதினைந்து செக்கனுக்கு மேல் பிசகாது என்று சொல்கிறார்கள். சிறந்த சுவிஸ் இயந்திரங்கள் நாளுக்கு இரண்டு செக்கன் என்ற எல்லைக்குள் நிற்பதையே பெருமையாகச் சொல்கின்றன.

இந்த எண்ணம் யோஷிகாசு அகஹானே என்ற பொறியியலாளருக்கு 1977இல் உதித்தது. விற்பனைக்கு வந்தது 1999இல். பற்றரியில் ஓடும் மலிவான குவாட்ஸ் மணிக்கூட்டால் உலகையே புரட்டிப்போட்ட நிறுவனம் சீக்கோ. அதற்குள் இருந்துகொண்டே ஒருவர், சுருள்வில்லில் ஓடும் மணிக்கூட்டுக்குப் புது உயிர் கொடுக்கலாம் என்று நம்பி இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பின்தொடர்ந்திருக்கிறார். பனி விழாத ஊரில் இருந்துகொண்டு பனியின் பெயர் கொண்ட மணிக்கூட்டுக்கு ஏன் ஆசைப்படுகிறாய் என்று அத்தான் கேட்டார். எனக்கு அதில் முரண்பாடு ஏதும் தெரியவில்லை. தம் ஊரின் மலையை ஒரு சிறு வட்டத்துக்குள் இவ்வளவு அன்போடு கொண்டுவந்தவர்களின் கைவேலையை நான் மதிக்கிறேன். அவ்வளவுதான்.

மூன்றாவது, ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். இதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1957இல் மோட்டார்ப் பந்தயங்களுக்காக வந்த இந்த மணிக்கூட்டை, நாசா பல சோதனைகளுக்கு உட்படுத்தி 1965 மார்ச்சில் விண்வெளிப் பயணங்களுக்குத் தகுதியானது என்று ஏற்றது. சோதனைகளில் ஒன்று எனக்கு விசேடமானது. 95 வீதத்துக்குக் குறையாத ஈரப்பதனில் 240 மணித்தியாலம் அதை வைத்திருந்தார்கள். நமது மாரி காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த எண்ணின் பொருள் புரியும். 1969 ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் இதை அணிந்து நிலவில் நடந்தார். ஆம்ஸ்ட்ரோங் தன்னுடையதைக் கலத்திலேயே விட்டுச் சென்றார். மறு ஆண்டு அப்பலோ 13 பழுதுபட்டுத் திரும்பியபோது, பாதையைத் திருத்துவதற்காக இயந்திரத்தைப் பதினான்கு செக்கன் எரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினான்கு செக்கனை அதிலிருந்த விண்வெளி வீரர் ஜக் ஸ்விகர்ட் அளந்தது இந்த மணிக்கூட்டால்தான்.

எனக்கு இது வேண்டியிருப்பது பாடசாலை மைதானத்துக்கு. இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் நேரம் கணிப்பவர்களில் நானும் ஒருவன். எண்கள் ஓடும் கருவி என் கையில் தரப்பட்டிருந்தாலும், ஓட்டம் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்தி, ஒரு முள் புறப்பட்டுப் போவதைக் கண்ணால் பார்க்கும் அனுபவத்தை எண்களால் தர முடியாது. இந்த இயந்திரம் செக்கனுக்கு ஆறு முறை துடிப்பதால் செக்கனின் ஆறிலொரு பங்குவரை அது உணரும். நூறு மீற்றர் ஓட்டத்தின் வெற்றியைத் தீர்மானிக்க அது போதாது, 1,500 மீற்றரைப் பார்த்து மகிழ அது தாராளம். நீலக்கல் கண்ணாடி உள்ளதும் இருக்கிறது, ஹெசலைட் என்ற பிளாஸ்ரிக் கண்ணாடி உள்ளதும் இருக்கிறது. நான் ஹெசலைட்டையே எடுப்பேன். மைதான மணலில் கீறல் விழும், உண்மை. ஆனால் அந்தக் கீறலை நம் ஊர் ஐயாவே மெருகுப் பசையால் தேய்த்து நீக்கிவிடுவார், கண்ணாடியை மாற்றத் தேவையில்லை. ஒவ்வொரு காலையும் கையால் சாவி கொடுக்க வேண்டும் என்பதையும் நான் குறையாக எண்ணவில்லை. நாளைத் தொடங்குவதற்கு அது நல்ல வேலை. ஐம்பது மீற்றர் நீர்த்தாங்கல்தான் என்பதால் இதைக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

நான்காவது இடத்துக்கு நடந்த போட்டிதான் கடுமையானது. 1931இல் வந்த ரிவர்சோ என்ற மணிக்கூடு நெடுங்காலம் அங்கே இருந்தது. இந்தியாவில் போலோ ஆடிய பிரித்தானிய அதிகாரிகளின் மணிக்கூட்டுக் கண்ணாடிகள் உடைந்ததால், முகத்தைத் திருப்பி உள்ளே மறைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது அது. நம் பக்கத்துத் தட்பவெப்பத்துக்கு அருகிலேயே அதன் தேவை பிறந்திருக்கிறது. ஆனாலும் திரும்பும் பெட்டியும் அதைத் தாங்கும் சட்டகமும் உராயும் இடைவெளிகளில் நமது மணலும் உப்பும் புகுவதை நினைத்து அதை விட்டேன். ஜெரால்ட் ஜெண்டா என்ற வடிவமைப்பாளர் வரைந்த ரோயல் ஓக், நோட்டிலஸ் என்ற மணிக்கூடுகள் வடிவத்தால் மிகச் சிறந்தவை. 1972இலும் 1976இலும் உருக்கை உயர்ந்த உலோகமாக்கிக் காட்டியவை. இன்று அவை மணிக்கூடாகப் பேசப்படுவதைவிட முதலீடாகப் பேசப்படுவது அதிகம். நேரம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் விலை நினைவுக்கு வரும் ஒரு பொருளை நான் கட்ட விரும்பவில்லை. விட்டதில் மனம் அதிகம் நொந்தது ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரருக்காக. 36 மில்லிமீற்றர், திகதி இல்லாத கறுப்பு முகம், 3, 6, 9 என்ற எண்கள். என் மெலிந்த மணிக்கட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அது செய்யும் வேலை எல்லாவற்றையும் டியூடர் செய்துவிடுகிறது.

நிலைத்தது ஜேர்மன் மணிக்கூடான லாங்கே 1. 2015இல் புதிய இயந்திரத்தோடு வந்த வடிவம். இளஞ்சிவப்புத் தங்கப் பெட்டியும் வெள்ளி நிற முகமும் கொண்டது. பிள்ளைகளின் திருமணம், நெருங்கிய உறவினரின் சடங்கு வீடு, கோயில் திருவிழாவின் மாலை என்று சில வேளைகளுக்கு மட்டும் கட்டுவேன். தோல் வார் என்பதால் பகல் வெயிலுக்கு அது ஆகாது. கழற்றியதும் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொதியோடு காற்றுப்புகாத பெட்டிக்குள் வைக்க வேண்டும். என் இரண்டாவது நிபந்தனையை இது மற்ற மூன்றைப்போலத் திருப்திப்படுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த விதியைத் தளர்த்தும் அளவுக்கு அதன் வரலாறு என்னைப் பிடித்துவைத்திருக்கிறது.

ஜேர்மனியின் சக்சனியில், கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில், பெர்டினண்ட் அடோல்ஃப் லாங்கே 1845 டிசெம்பர் 7ஆம் திகதி மணிக்கூட்டுப் பட்டறையைத் தொடங்கினார். நூறு ஆண்டுகள் அது தழைத்தது. 1945 மே 8ஆம் திகதி, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், அவர்களுடைய தொழிற்சாலைக் கட்டிடம் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சியதைக் கட்டியெழுப்ப முயன்றார்கள். 1948இல் சோவியத் ஆதிக்கத்தின் கீழ் நிறுவனம் பறிமுதலானது. நிறுவனரின் கொள்ளுப்பேரன் வோல்டர் லாங்கே மேற்கு ஜேர்மனிக்குத் தப்பிப் போனார். மணிக்கூட்டு முகங்களில் இருந்து குடும்பப் பெயரும் மறைந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, பெர்லின் சுவர் விழுந்த பிறகு, அறுபதைத் தாண்டிய வயதில் அவர் ஊருக்குத் திரும்பி, 1990 டிசெம்பர் 7ஆம் திகதி, கொள்ளுப்பாட்டனார் தொடங்கிய அதே நாளில், குடும்பப் பெயரை மீண்டும் பதிவுசெய்தார். விற்பதற்கு மணிக்கூடும் இல்லை, அதைச் செய்வதற்குக் கட்டிடமும் இல்லை. நான்கு ஆண்டுகள் உழைத்து, 1994 ஒக்டோபர் 24ஆம் திகதி டிரெஸ்டன் நகரில் முதல் நான்கு மணிக்கூடுகளைக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று லாங்கே 1.

குண்டு விழுந்த வீட்டையும் விட்டுவந்த காணியையும் அறிந்த ஊர் நமது. பெயரையும் தொழிலையும் இடத்தையும் இழந்த ஒருவர், முதிய வயதில் அதே இடத்துக்கு வந்து முதலிலிருந்து தொடங்கினார் என்பதை நான் சாதாரணச் செய்தியாக வாசித்துக் கடக்க முடியவில்லை. இடம்பெயர்ந்து போய் மீண்டும் வந்து கடை திறந்தவர்களை, வயலைத் திருப்பி உழுதவர்களை, நாம் இங்கே ஒவ்வொரு தெருவிலும் பார்த்திருக்கிறோம்.

கதைக்காக மட்டும் அதை எடுக்கவில்லை. வேலைப்பாடும் அதற்கு நிகரானது. மணி காட்டும் வட்டம் முகத்தின் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. எதிர்ப் பக்கத்தில், தங்கச் சட்டகத்துக்குள், வழக்கமான சாளரங்களைவிடப் பல மடங்கு பெரிய திகதி. டிரெஸ்டன் இசையரங்கில் மேடைக்கு மேலே இருக்கும் எண் மணிக்கூட்டின் நினைவாக அதை அமைத்திருக்கிறார்கள். அந்த மணிக்கூட்டைச் செய்த குட்கேஸ்தான் பெர்டினண்ட் லாங்கேயின் குருவும் பின்னர் மாமனாரும். திகதி இரண்டு தட்டுகளால் ஆனது, பத்துகளுக்கு ஒன்று, ஒன்றுகளுக்கு ஒன்று. நாள்தோறும் ஒன்றுகளின் தட்டு நகரும். முப்பத்தொன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் இரவில் மட்டும் அது அசையாமல் நிற்க, பத்துகளின் தட்டு தனியே நகரும். இரண்டு திகதிகளிலும் கடைசி இலக்கம் ஒன்று என்பதால். அந்த ஓர் இரவுக்காக ஒரு பல்லைக் குறைத்து ஒரு சக்கரம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையான நிறைவு உண்டாகிறது. திருப்பிப் பார்த்தால், ஜேர்மன் சில்வர் என்ற உலோகக் கலவையாலான, பூச்சு ஏதுமில்லாத தகடும், துடிக்கும் சமநிலைச் சக்கரத்தைத் தாங்கும் துண்டின் மேல் ஒருவர் கையாலேயே செதுக்கிய பூவேலையும் தெரியும். கையால் செதுக்குவதால் ஒன்றைப்போல மற்றொன்று இராது. இயந்திரத்தை ஒருமுறை பூட்டி, சரிபார்த்து, முழுதாகக் கழற்றி, மெருகிட்டு, மறுபடியும் பூட்டுகிறார்கள்.

வாங்கும் வரிசையையும் தீர்மானித்துவிட்டேன். முதலில் டியூடர், நால்வரிலும் விலை குறைந்தது, ஒவ்வொரு நாளும் வேலை உள்ளது. அடுத்து ஸ்பீட்மாஸ்டர், அதற்குப் பின் ஸ்னோஃபிளேக். மாமா தந்த சீக்கோ 5 இந்தக் கணக்கில் சேராது. புது றப்பர் வளையத்தோடு அது தன்பாட்டில் ஓடும். லாங்கேயின் விலையில் இங்கே ஒரு வீடே கட்டிவிடலாம் என்பதால் அது கடைசியாகத்தான் வர முடியும். அதற்கான பணம் எப்படியோ முன்பே சேர்ந்தாலும் நான் அந்த வரிசையை மாற்றமாட்டேன். பெரிய பழுது வந்தால் அதை கிளாஸ்ஹூட்டே வரைக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். மற்ற மூன்றையும் இந்தக் காற்றில் சில ஆண்டுகள் கட்டி, கழுவி, துடைத்து, உப்பு எங்கே தங்குகிறது, எந்த வளையம் முதலில் தளர்கிறது என்று கையால் அறிந்த பிறகே அதை வீட்டுக்குக் கொண்டுவருவேன்.